கழிமுகத்தில் கரைப்பறவைகள் பாதியாகத் தெரிகின்றன: உண்மையிலேயே குறைந்துவிட்டனவா?

சேற்றுவெளி எழுதியது:

வணக்கம். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கழிமுகத்தில் கரைப்பறவைகளை எண்ணி வருகிறோம். அகலமான சேற்றுத்திட்டு, நடுவில் ஒரு மணல்மேடு, ஒரு பக்கம் அலையாத்திக் காடு, மறுபக்கம் கைவிடப்பட்ட உப்பளப் பாத்திகள். போன வலசைப் பருவத்தில் பவளக்காலி, கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் எல்லாம் கண்கொள்ளாத அளவுக்கு இருந்தன. இந்த முறையும் அதே மாதம், அதே இடம், அதே ஆட்கள். எண்ணிக்கையோ பாதிக்கும் கீழே.

கழிமுகத்தின் மேல்பகுதியில் கரை கட்டும் வேலை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பறவைகள் குறைந்துவிட்டன என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் குழுவில் சிலர். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு யாராவது நாலு கேள்வி கேட்டால் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஓதக்காரன் எழுதியது:

முதலில் ஒன்று கேட்கிறேன். இரண்டு முறையும் எண்ணியபோது ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, எந்த நிலையில் இருந்தது?

மாதமும் மணியும் ஒன்றாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கழிமுகத்தில் அது போதாது. ஒரு ஏற்றத்துக்கும் (தண்ணீர் உச்சத்துக்கு ஏறி நிற்பது) அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. இன்று காலை ஏழு மணிக்குச் சேறு திறந்து கிடந்தால், ஒரு வாரம் கழித்து அதே ஏழு மணிக்கு அங்கே தண்ணீர் நிற்கும்.

---

சேற்றுவெளி எழுதியது:

ஓதம் குறித்து வைத்திருக்கிறோம் அண்ணா. இரண்டு முறையும் வற்றம்தான், தண்ணீர் நன்றாக இறங்கிய பிறகே எண்ணத் தொடங்கினோம். போன பருவத்தில் அட்டமியை ஒட்டிய நாள். இந்த முறை பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள். வற்றம் எந்த நாளில் வந்தாலும் வற்றம்தானே?

---

ஓதக்காரன் எழுதியது:

விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பௌர்ணமி, அமாவாசை கழிந்து ஓரிரு நாளில் ஓதத்தின் வீச்சு மிக அதிகம். ஏற்றம் ரொம்ப மேலே வரும், வற்றம் ரொம்பக் கீழே போகும். அட்டமியை ஒட்டி வீச்சு சுருங்கிவிடும். அப்போது வற்றத்திலும் சேற்றுத்திட்டின் மேல்பாதி மட்டும்தான் வெளியே தெரியும். இருக்கிற பறவையெல்லாம் அந்தக் குறுகிய பட்டையில் நெருக்கிக்கொண்டு மேயும், கரையில் நிற்கும் உங்கள் கண்ணுக்கு நேரே. பௌர்ணமி வற்றத்திலோ நீர்க்கோடு எங்கோ தூரத்துக்குப் போய்விடுகிறது. பறவைகளும் அதன் பின்னாலேயே போய்ப் பரவிவிடும். கொசு உள்ளான் கையளவுகூட இல்லாத பறவை. ஒரு கிலோமீட்டர் தள்ளி, காலை வெயில் ஏறிக் கானல் ஆடும் சேற்றில் அதை எண்ணுவது யாராலும் ஆகாது.

ஆக, போன பருவத்தில் நெருங்கி நின்றதையும் இந்தப் பருவத்தில் பரவிக் கிடந்ததையும் நீங்கள் ஒப்பிடுகிறீர்கள். பறவை குறைந்தும் இருக்கலாம். இந்த இரண்டு எண்களை வைத்து மட்டும் அதைச் சொல்ல முடியாது.

கழிமுகத்தில் மொத்தம் எத்தனை என்று தெரிய வேண்டுமென்றால் ஏற்றத்தில் எண்ணுங்கள். தண்ணீர் சேற்றை மூடியதும் எல்லாம் ஒதுங்குமிடங்களுக்கு வந்து கூட்டமாக நிற்கும். உங்களுக்கு உப்பளப் பாத்தியும் மணல்மேடும் இருக்கிறதே, அங்கேதான் ஒதுங்கும். உலகம் முழுக்கக் கழிமுகக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் ஏற்ற நேரத்தில்தான் நடக்கின்றன.

---

முக்காலி எழுதியது:

ஓதக்காரன் சொன்னதில் முதல் பாதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றத்தில் எண்ணினால் போதும் என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து.

கேள்வி என்ன என்று பாருங்கள். மேல்பகுதியில் கரை கட்டுகிறார்கள், அது பறவைக்கு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. ஏற்றத்தில் ஒதுங்குமிடத்தில் எண்ணினால் கழிமுகம் முழுவதுக்கும் ஒரே ஒரு எண் கிடைக்கும். அந்தப் பவளக்காலிகள் மேல்பகுதிச் சேற்றில் மேய்ந்தவையா, வாய்ப்பகுதியில் மேய்ந்தவையா என்று அந்த எண் சொல்லாது. கரை வருவதால் போவது மேயும் சேறு. எந்தத் துண்டுச் சேற்றில் எந்தப் பறவை எவ்வளவு மேய்கிறது என்பது வற்றத்தில் எண்ணினால்தான் தெரியும்.

அப்புறம், ஒதுங்குமிடம் எப்போதும் கழிமுகத்துக்குள்ளேயே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பறந்து போய்ப் பக்கத்து ஏரிக்கரையிலோ வயலிலோ ஒதுங்கும். பக்கத்துக் கழிமுகத்துப் பறவை உங்கள் உப்பளத்தில் வந்து நிற்கவும் செய்யும். உப்பளப் பாத்தியில் நிற்பவை எல்லாம் ஓய்வெடுக்கின்றன என்றும் நினைக்காதீர்கள். சிறிய உள்ளான்களுக்கு வற்ற நேரத்துத் தீனி மட்டும் போதாமல் போகும்போது ஏற்ற நேரத்திலும் பாத்தியில் மேய்ந்துகொண்டிருக்கும்.

என் யோசனை: சேற்றுத்திட்டைக் கரையிலிருந்து தெரியும் அடையாளங்களை வைத்துத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஓடை, பழைய கம்பம், அலையாத்தியின் மூலை, எதுவாக இருந்தாலும் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கப்போகிற அடையாளம். ஒரு துண்டின் கடைசி எல்லை ஸ்கோப்பில் (தொலைநோக்கியில்) தெளிவாகத் தெரியும் தூரத்துக்குள் இருக்கட்டும். தெரியாத தூரத்தை எண்ணவே வேண்டாம், “எண்ணப்படாத பகுதி” என்று வரைபடத்தில் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மேய்வது எத்தனை, சும்மா நிற்பது எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள்.

---

நீர்க்கோடு எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. ஓத அட்டவணை துறைமுகத்துக்குப் போட்ட கணக்கு. கழிமுகத்துக்குள்ளே போகப் போக ஏற்றம் தாமதமாக வரும். மழை வெள்ளம் இறங்கும் நாளிலும் கடல்காற்று அடிக்கும் நாளிலும் அட்டவணையில் உள்ள உயரம் அப்படியே வராது. ஒரு அளவுகோல் குச்சியை நட்டு, எண்ணத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால் பின்னால் பெரிய உதவி. முகத்துவாரம் மணல் அடைத்துக்கொள்ளும் இடமாக இருந்தால் இது கட்டாயம். வாய் மூடிய நாளில் ஓதமே உள்ளே வராது.

---

கோட்டான் எழுதியது:

எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். சேற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பறவைக்குப் பறவை அலகின் நீளம் வேறு, இரை கிடக்கும் ஆழமும் வேறு. உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, பெரிய கண். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், சேற்றின் மேல் ஏதாவது அசைந்தால் கொத்தும். நீண்ட அலகு கொண்ட மூக்கன்களும் குதிரைமலைக் கோட்டானும் கண்ணை நம்புவதில்லை, அலகை ஆழமாகச் செருகித் துழாவும். அலகு நுனியிலேயே தொடு உணர்வு இருக்கிறது. நாட் உள்ளான் இன்னும் ஒரு படி மேலே. ஈர மணலில் அலகைக் குத்தும்போது உண்டாகும் அழுத்தம் சிப்பி மாதிரி கெட்டியான பொருளைச் சுற்றி மாறுபடுகிறது. சிப்பியை அலகு தொடாமலேயே அது இருக்கும் இடத்தை அந்தப் பறவை அறிந்துகொள்கிறது.

சேற்றின் மேல் தேய்த்த மாதிரி ஒரு வழவழப்புப் படலம் இருக்குமே, நுண்பாசியும் நுண்ணுயிரியும் சேர்ந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் மேற்கத்திய உள்ளான்கள் அதையே நக்கித் தின்கின்றன என்பது கண்டறியப்பட்டிருக்கிறது. நாக்கில் அதற்கென்றே மயிர் போன்ற இழைகள். நாம் “வெறும் சேறு” என்று கடந்துபோகும் இடம் அந்தப் பறவைக்கு வலசை போக எரிபொருள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கரை கட்டினால் நீரோட்டத்தின் வேகம் மாறும். வேகம் மாறினால் படியும் வண்டலின் பருமன் மாறும். நுண்சேறு இருந்த இடத்தில் மணல் ஏறும், அல்லது மணல் இருந்த இடத்தில் சேறு கட்டும். பரப்பளவு அங்குலம்கூடக் குறையாமல் இரை மட்டும் மாறிவிடும். அப்போது மொத்த எண்ணிக்கையில் எதுவும் தெரியாது, இனங்களின் கலவையில் தெரியும். பவளக்காலி குறைந்து உப்புக்கொத்தி கூடியிருக்கிறதா என்று உங்கள் பழைய தாள்களைப் புரட்டிப் பாருங்கள்.

துண்டுக்கு நாலு இடத்தில் ஒரு குழாயால் சேற்றைக் குத்தி எடுத்து, அரை மில்லிமீட்டர் அல்லது ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, புழு, நத்தை, சிப்பி என்று வகை பிரித்து எண்ணினாலே ஒரு தொடக்கம் கிடைக்கும். உள்ளூர்க் கல்லூரியில் விலங்கியல் துறை இருந்தால் மாணவர்கள் ஆர்வமாக வருவார்கள்.

---

சேற்றுவெளி எழுதியது:

நன்றி கோட்டான் அண்ணா. தாள்களைப் பார்த்தேன். உப்புக்கொத்தி கிட்டத்தட்ட அதே அளவு. குறைந்தது பவளக்காலியும் இரண்டு சின்ன உள்ளான்களும்தான். வளைமூக்கு உள்ளான்தான் மிக மோசம். இதற்கு என்ன அர்த்தம்?

---

வலசைப்பாதை எழுதியது:

வளைமூக்கு உள்ளானைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அது குறைந்ததற்குக் காரணம் உங்கள் கழிமுகத்திலேயே இல்லாமல் இருக்கவும் கூடும்.

இந்தப் பறவை குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடித் துந்திரப் பகுதியில், டைமிர் தீபகற்பம் போன்ற இடங்களில். அங்கே லெம்மிங் என்ற சிறு எலி மூன்று நாலு வருடத்துக்கு ஒரு முறை பெருகிக் குவியும், பிறகு சடசடவென்று சரியும். லெம்மிங் மலிந்த வருடத்தில் ஆர்க்டிக் நரிக்கு வயிறு நிறைந்துவிடும். லெம்மிங் சரிந்த வருடத்தில் அது உள்ளானின் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும். அந்த வருடம் தெற்கே வரும் கூட்டத்தில் இளம்பறவை மிகக் குறைவாக இருக்கும். உலகின் இந்தக் கோடியில் நின்று நீங்கள் எண்ணும் எண்ணில் அந்த நரியின் பசியும் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. எண்ணும்போது கூடவே இளம்பறவை விகிதம் பாருங்கள். வளர்ந்தவை முதலில் வந்து சேரும், தேய்ந்துபோன இறகோடு, மார்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிச்சமிருக்கும். இளசுகள் சில வாரம் கழித்து வரும். அவற்றின் முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் விளிம்பு இருப்பதால் செதில் அடுக்கின மாதிரி சுத்தமாகத் தெரியும். இரண்டும் வந்து சேர்ந்த பிறகு, இளசின் இறகு தேய்ந்துபோகும் முன்னால், கூட்டத்தின் பல இடங்களில் பார்த்து விகிதம் எடுங்கள். வளர்ந்தவை அதே அளவில் இருந்து இளசு மட்டும் இல்லையென்றால் காரணம் வடக்கே. வளர்ந்தவையே குறைந்திருந்தால் வலசைப்பாதையில் எங்கோ, அல்லது உங்கள் இடத்தில், ஏதோ நடந்திருக்கிறது.

---

பவளக்காலி எழுதியது:

கரை, அணை என்ற பேச்சு வந்ததால் இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்ப இவற்றைத்தான் எடுப்பார்கள்.

ஒன்று, வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் வளைகுடா. 1999ல் அங்கே தடுப்பணை கட்டி ஓதத்தை நிறுத்தி நன்னீர் ஏரியாக்கினார்கள். அங்கே குளிர்காலம் கழித்துவந்த பவளக்காலிகளில் பலவற்றுக்கு முன்கூட்டியே காலில் வண்ண வளையம் போட்டிருந்தார்கள். அணை மூடியதும் அவை பக்கத்தில் இருந்த ரிம்னி கழிமுகத்துக்குப் போயின. வெறும் எண்ணிக்கையை மட்டும் எடுத்திருந்தால் கதை இப்படி இருந்திருக்கும்: இங்கே போனது, அங்கே வந்தது, கணக்கு சரி, யாருக்கும் நட்டமில்லை. வளையம் இருந்ததால் உண்மை தெரிந்தது. இடம்பெயர்ந்த பறவைகளின் உடல் எடை குறைந்திருந்தது. வருடத்துக்கு வருடம் உயிர் பிழைக்கும் விகிதம் ஏறக்குறைய 85 சதவீதத்திலிருந்து 78 சதவீதத்துக்கு இறங்கியது. பார்வைக்குச் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். ஆனால் பல வருடம் வாழ்ந்து, வருடத்துக்குச் சில குஞ்சு மட்டுமே தேற்றும் பறவைக்கு அது பெரிய அடி.

இரண்டாவது, தென்கொரியாவின் சேமங்கும். 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர், 2006 ஏப்ரலில் மூடப்பட்டது. மஞ்சள் கடலில் பெரிய நாட் உள்ளான்கள் வலசை நடுவே இறங்கி உடம்பில் கொழுப்பேற்றிக்கொள்ளும் தலையாய இடங்களில் ஒன்று அது. பக்கத்துச் சேற்றுவெளிகளுக்குப் போய்விடும் என்று சொன்னார்கள். 2006 முதல் 2008 வரை அங்கேயும் சுற்றியுள்ள கழிமுகங்களிலும் எண்ணினார்கள், பக்கத்தில் அந்த அளவுக்கு ஏறவில்லை. அதே சமயம் அவை பருவம் கழிக்கும் ஆஸ்திரேலியாவிலும் குறைந்தது. இரண்டு முனையிலும் எண்ணியதால்தான் “வேறெங்கோ போயிருக்கும்” என்ற பதில் நிற்கவில்லை. பெரிய நாட் இன்று அருகிவரும் இனம்.

சேற்றுவெளி, உங்களுக்கு இதில் பாடம் ஒன்றே ஒன்று. பக்கத்துக் கழிமுகத்தையும் அதே நாட்களில், அதே முறையில் எண்ண ஆள் பிடியுங்கள்.

---

முக்காலி எழுதியது:

பவளக்காலி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வேலை நடக்கும் இடம் ஒன்று, வேலையே நடக்காத இடம் ஒன்று, வேலைக்கு முன்னும் பின்னும் இரண்டிலும் எண்ணிக்கை. வடக்கே நரி தின்றிருந்தால் இரண்டு கழிமுகத்திலும் குறையும். கரைதான் காரணம் என்றால் உங்கள் இடத்தில் மட்டும் குறையும், அதுவும் மேல்பகுதித் துண்டுகளில் முதலில் குறையும்.

---

சேற்றுவெளி எழுதியது:

பறவையின் காலில் மாட்டும் வளையம், வண்ணக் கால்கொடி எல்லாம் நாங்கள் போட முடியுமா?

---

பவளக்காலி எழுதியது:

நீங்களாகப் போடக்கூடாது. பறவையைப் பிடிக்க அனுமதியும் பயிற்சியும் வேண்டும். வலையில் சிக்கிய உள்ளானின் கால் முறிய ஒரு நொடி போதும். வெயிலில் கூடுதல் நேரம் கையில் வைத்திருந்தாலே சில இனங்களுக்குத் தசை விறைத்து எழுந்து நிற்க முடியாமல் போய்விடும். அது பயிற்சி பெற்ற குழுவின் வேலை.

ஆனால் மற்றவர்கள் போட்டதைப் படிப்பது உங்கள் வேலை, அது சாதாரணமானது இல்லை. கிழக்கு ஆசிய ஆஸ்திரேலிய வலசைப்பாதையில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வண்ணக் கூட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். கொடியின் நிறத்தைப் பார்த்தே எங்கே பிடிக்கப்பட்ட பறவை என்று சொல்லிவிடலாம். எழுத்தோ எண்ணோ இருந்தால் தனிப்பறவையையே அடையாளம் காணலாம். எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, நிறம், எழுத்து, இவ்வளவையும் குறியுங்கள். முடிந்தால் படம். கொடி தெளிவாகப் படிக்க முடியவில்லை என்றால் ஊகிக்காமல் படித்த அளவு மட்டும் எழுதுங்கள். இன்னொன்றும் உண்டு: கொடி இருக்கிறதா என்று எத்தனை பறவையின் காலைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த எண் இருந்தால்தான் விகிதம் போட முடியும்.

1995ல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் வளையமிட்ட பி95 என்ற நாட் உள்ளான் 2014 வரை பார்க்கப்பட்டது. குறைந்தது இருபது வருட வாழ்க்கை. காலைப் பார்த்துக் குறித்து அனுப்பியவர்கள் இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

---

கடலோரத்தான் எழுதியது:

இவ்வளவு மெனக்கெடாமல் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்து எண்ணிவிடலாமே? மணல்மேட்டுக் கூட்டம் ஒரே படத்தில் வந்துவிடும்.

---

ஓதக்காரன் எழுதியது:

தாழப் பறந்தால் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். அவற்றுக்கு அது வல்லூறு மாதிரிதான். உயரே பறந்தால் கொசு உள்ளானுக்கும் வளைமூக்கு உள்ளானுக்கும் வித்தியாசம் தெரியாது. பெரிய பறவைகள் ஒதுங்கும் இடத்தை ஏற்கனவே பழகியவர், அனுமதியோடு, கீழே ஒருவர் பறவையின் போக்கைக் கவனித்துக்கொண்டே இருக்கும்போது செய்தால் பயன் இருக்கிறது. புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு நான் சொல்லமாட்டேன்.

கூட்டத்தைக் கிளப்புவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்ற நேரம் என்பது அவை தின்றதைச் செரித்து உடம்பில் சேர்க்கும் நேரம். ஒரு முறை எழுந்து சுற்றி இறங்கினால் அதற்கான செலவு உண்டு. கடல் தாண்டப் போகும் பறவைக்கு அது கடன். 2022ல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. பிறந்து ஐந்து மாதம்கூட ஆகாத பறவை. அத்தனை தூரத்துக்கும் எரிந்தது சேற்றில் நின்று சேர்த்த கொழுப்புத்தான்.

பொதுவாக உடம்பு பெரிய பறவை முதலில் எழும், குதிரைமலைக் கோட்டான் நீங்கள் ரொம்பத் தூரத்தில் இருக்கும்போதே போய்விடும். கோட்டான் கழுத்தை நீட்டித் தலையைத் தூக்கினாலே நீங்கள் அதற்கு மேல் நெருங்கக்கூடாது என்று அர்த்தம். எண்ணும்போது கூட்டம் எழுந்தால் காரணத்தையும் எழுதுங்கள்: நாய், படகு, ஆள், வல்லூறு. பல மாதம் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குறிப்புகளே தனிச் சான்று.

---

கடலோரத்தான் எழுதியது:

சரி, ட்ரோன் வேண்டாம். அப்படியானால் ஆயிரக்கணக்கில் நெருங்கி நிற்பதை ஸ்கோப்பில் எப்படி எண்ணுவது? எனக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வருகிறது.

---

முக்காலி எழுதியது:

எல்லோருக்கும் அப்படித்தான் வரும், பயிற்சியில் வித்தியாசம் குறையும். நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஏற்றம் உச்சத்துக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுவேன். கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும்போது வானத்திலேயே எண்ணினால் எளிது. இறங்கி நெருக்கிக்கொண்ட பிறகு முன்வரிசை பின்வரிசையை மறைத்துவிடும். நின்ற கூட்டமென்றால் ஓரத்திலிருந்து பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவில் பத்துப் பத்தாக நகர வேண்டும். பெரிய கூட்டத்தில் ஐம்பதாக, நூறாக. பாதியில் நிறுத்தி மறுபடி ஒரு பத்தை எண்ணிச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் ஓரத்தில் இடைவெளி விட்டு நிற்கும், நடுவில் தோளோடு தோள் உரசி நிற்கும்.

முதலில் மொத்தம், அப்புறம் இனம். இனத்துக்கு ஸ்கோப்பை அங்கங்கே நிறுத்தி, தெரிகிற வட்டத்துக்குள் இந்த இனம் இத்தனை என்று பல வட்டம் எடுத்து விகிதம் போடுவேன். கூட்டம் சமமாகக் கலந்து நிற்காது. நீளக்கால் மூக்கன்கள் தண்ணீருக்குள், குட்டைக்கால் உள்ளான்கள் விளிம்பில், உப்புக்கொத்திகள் மேட்டில். ஒரே மூலையில் வட்டம் எடுத்தால் விகிதம் கோணலாகிவிடும்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி இடம் தேர்ந்தெடுங்கள். இருவர் தனித்தனியாக, ஒருவர் எண்ணை மற்றவர் கேட்காமல் எண்ணுங்கள். இரண்டு எண்ணையும் அப்படியே பதியுங்கள், சராசரி போட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். எவ்வளவு விலகல் என்பதும் தகவல்தான். வீட்டில் இருக்கும்போது பழைய கூட்டப் படங்களை எடுத்து முதலில் மதிப்பிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணிப் பாருங்கள். பெரிய கூட்டத்தை நாம் குறைத்து மதிப்பிடும் பழக்கம் அதில் பளிச்சென்று தெரியும்.

---

நீர்க்கோடு எழுதியது:

சுழியத்தையும் எழுதுங்கள். ஒரு துண்டில் ஒன்றும் இல்லையென்றால் “0” என்று போட வேண்டும். காலியாக விட்டால் பறவை இல்லையா, பார்க்கவே இல்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது. மேல்பகுதித் துண்டு மெல்ல மெல்ல வெறுமையாவதைக் காட்டப்போவது அந்தச் சுழியங்கள்தான்.

---

கோட்டான் எழுதியது:

இரவையும் மறந்துவிடாதீர்கள். வற்றம் இரவில் வந்தாலும் இவை மேயும். பகலில் ஆள் நடமாட்டம் அதிகமாக இருக்கும் துண்டுக்கு இருட்டிய பிறகு வருவதும் உண்டு. எல்லா நாளும் முடியாது. ஆனால் பகலில் வெறுமையாகத் தெரியும் துண்டை “பயனில்லாத இடம்” என்று எழுதும் முன்னால் ஓர் இரவு வற்றத்தில் காது கொடுத்தாவது கேட்டுவிட வேண்டும். வெப்பக் கேமரா யாரிடமாவது இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. அலையாத்தி ஓரச் சேற்றில் இரவில் இறங்குவதென்றால் ஏற்றம் திரும்பும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, தனியாகப் போகாமல் இருங்கள்.

வலசை முடிந்த பிறகும் நிறுத்திவிடாதீர்கள். பெரிய இனங்களில் முதல் வருட இளசுகள் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். அந்த மாதங்களில் வருவோரும் போவோரும் குறைவு, நிற்பது உங்கள் இடத்தையே நம்பி இருக்கும் பறவை. எண்ணும் ஆட்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வீட்டில் இருந்துவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம்.

---

சேற்றுவெளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசினோம். கழிமுகத்தை ஒன்பது துண்டாகப் பிரித்து வரைபடம் போட்டாயிற்று, மேல்பகுதியில் மூன்று. மாதம் ஒரு முறை பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டிய ஏற்றத்தில் ஒதுங்குமிடங்களை எண்ணப்போகிறோம். அதே வாரத்தில் ஒரு வற்றத்தில் துண்டு துண்டாக. தூரத்துத் துண்டுகளுக்குத் தண்ணீர் இறங்கத் தொடங்கி இரண்டாம் மணி நேரத்துக்குள், நீர்க்கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே எண்ணிவிடலாம் என்று யோசனை. பக்கத்துக் கழிமுகத்துக்கு இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு சந்தேகம். அந்தத் தூரத்துத் துண்டு யோசனை சரியா? அடுத்து, கரை வேலை பற்றிய கடிதத்தை அதுவரை நிறுத்தி வைக்க வேண்டுமா? வேலை முடிந்த பிறகு எண்ணி என்ன பயன் என்று கேட்கிறார்கள்.

---

ஓதக்காரன் எழுதியது:

முதல் கேள்விக்கு: சரி, ஆனால் ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு முறையும் அதே ஓத நிலையில் எண்ணுங்கள். நேரத்தை “ஏற்ற உச்சத்திலிருந்து இத்தனை மணி, இத்தனை நிமிடம்” என்று எழுதுங்கள். இப்படி எடுத்தால் தூரத்துத் துண்டில் முழு வற்றத்தில் என்ன நடக்கிறது என்பது உங்கள் கணக்கில் வராது. அதையும் தாளின் தலையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

---

பவளக்காலி எழுதியது:

கடிதத்தை நிறுத்த வேண்டாம். “கரையால் பறவை பாதியாகக் குறைந்தது” என்ற வரியை மட்டும் நீக்குங்கள், அதை இப்போது யாரும் உடைத்துவிடுவார்கள். உங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது நிறைய இருக்கிறது. எந்தெந்த இனங்கள், எந்தெந்தத் தேதியில், எத்தனை, ஓதம் எப்படி இருந்தது, மேல்பகுதிச் சேற்றில் எவை மேய்ந்தன. உங்கள் பழைய எண்ணிக்கையை அந்தந்த இனத்தின் வலசைப்பாதை மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் உடன்படிக்கையின் அளவுகோலில், ஓர் இனத்தொகையின் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ ஓர் இடத்தைத் தவறாமல் பயன்படுத்தினால் அது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாகக் கருதப்படத் தகுதி உடையது. மொத்தமாக 20,000 நீர்ப்பறவைகள் தவறாமல் வந்தாலும் அப்படியே. எந்த இனமாவது அந்த ஒரு சதவீதத்தை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டினால் கடிதத்தின் முதல் பத்தி அதுதான்.

கேட்க வேண்டியதும் தெளிவாக இருக்கட்டும்: வேலைக்கு முன் பறவைக் கணக்கெடுப்பு செய்யப்பட்டதா, செய்திருந்தால் எந்த ஓத நிலையில், எந்தெந்த மாதங்களில். மிச்ச வேலையை வலசை உச்ச மாதங்களில் நிறுத்தி வைக்க முடியுமா. நீரோட்டத்துக்குத் திறப்புகள் எங்கே விடப்போகிறார்கள்.

---

சேற்றுவெளி எழுதியது:

ஒரு சதவீத அட்டவணையைத் தேடி எடுத்துவிட்டோம். இன்றிரவே பழைய தாள்களை இனம் இனமாக அதோடு வைத்துப் பார்க்கிறோம். கடித வரைவை நாளைக்கு இங்கேயே போடுகிறேன். முக்காலி அண்ணா, பவளக்காலி அக்கா, அனுப்பும் முன்னால் இரண்டு பேரும் ஒரு முறை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.